கடையில் வரும் கணக்கு நோட்டில் ஏன் வரவில்லை?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வீட்டுப் பாடம்



சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து வரும் வழியில் பழக்கடை ஒன்றில் வாழைப்பழம் வாங்கினேன். கடைக்காரரின் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். பள்ளி விட்டு வந்து அத்தாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். 64 ரூபாய்க்கு 100 ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். அத்தா வேறொருவருக்குப் பழம் நிறுத்துக்கொண்டிருந்ததால் பையனே சில்லறை கொடுத்தான். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து "65" என்றான். 5 ரூபாயை வைத்து "70" என்றான். மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை வைத்து "100" என்றான். கணக்கு 36, சரியாக இருந்தது.

அத்தா திரும்பி, "பாய், இவனுக்குக் கணக்கே வராது. டியூஷன் சேர்க்கலாமா?" என்று கேட்டார். எனக்கு வியப்பாக இருந்தது. பையனின் நோட்டை வாங்கி 100 − 64 என்று எழுதிக் கொடுத்தேன். அவன் சற்று நேரம் பார்த்தான். பூஜ்யத்தில் நாலு போகாது என்று நாலையே கீழே இறக்கினான்; ஆறையும் அப்படியே இறக்கினான்; ஒன்றை முன்னால் போட்டான். விடை 164.

100 ரூபாயில் 64 ரூபாயை எடுத்த பிறகு 164 ரூபாய் மிஞ்சுமா? கடையில் யாராவது அப்படிச் சொன்னால் அந்தப் பையனே சிரிப்பான். ஆனால் நோட்டில் எழுதும்போது அது அவனுக்கு ரூபாயாகத் தெரியவில்லை. வெறும் கோடுகளாகத் தெரிந்தது. கணக்கு அவனுக்கு நன்றாகவே வருகிறது. கைக்கு வரும் கணக்கும் நோட்டுக் கணக்கும் ஒன்றுதான் என்பதைத்தான் அவனுக்கு யாரும் காட்டித் தரவில்லை. அதைக் காட்டித் தர வீட்டைவிட நல்ல இடம் இல்லை. அதற்கான வழியைச் சொல்லவே இந்தப் பாடம்.

இது ஒரு பையனின் கதை மட்டும் அல்ல

பொருளியலுக்கான நோபல் பரிசை 2019-இல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். அதன் முடிவுகள் 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களாகப் போய், கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 15 ரூபாய் விலையில் 1.4 கிலோ வெங்காயம் என்று சிக்கலான அளவுகளில் வாங்கினார்கள். 16 ரூபாயும் 21 ரூபாயும் சேர்ந்து 37 ரூபாய். 200 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதி 163. பெரும்பாலான பிள்ளைகள் இப்படிப்பட்ட கணக்கை மனத்திலேயே போட்டுச் சரியாகச் சொன்னார்கள். அதே பிள்ளைகளில் பலரால் பள்ளிக்கூட முறையில் தாளில் கொடுத்த கழித்தலையும் வகுத்தலையும் செய்ய முடியவில்லை. மறுபுறம், பள்ளிக்கூடம் மட்டுமே போகும் பிள்ளைகள் தாளில் ஓரளவு போட்டார்கள். சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

பிள்ளையைக் கடையில் வேலைக்கு நிறுத்துங்கள் என்பது இதன் பொருள் அல்ல. பிள்ளையின் இடம் பள்ளிக்கூடம்தான். கைக்கணக்கும் நோட்டுக் கணக்கும் தனித்தனியே வளர்ந்தால் இரண்டும் அரைகுறையாகவே நிற்கும் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளிடம் வீடு வீடாகப் போய் எடுக்கப்படும் 'அசர்' கணக்கெடுப்பின் 2024 அறிக்கைப்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 31 பேர் அளவில்தான். நாம் நகரத்தை ஒட்டி வாழ்கிறோம், நம் பிள்ளைகள் ஷூவும் டையும் அணிந்து வேனில் போகிறார்கள் என்பதால் நமக்கு இந்தக் குறை இல்லை என்று நினைக்க வேண்டாம். நம் அறக்கட்டளைக்குக் கல்வி உதவி கேட்டு வரும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தால், அவர்கள் தடுக்கி விழுந்த இடம் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வகுப்பாகவே இருக்கிறது.

நம் மாவட்டத்தில் தொடங்கிய திட்டம்

கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்த பிறகு, தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கித் தன்னார்வலர்கள் மூலம் மாலை வகுப்புகள் நடத்தியது. அடுத்து 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அது 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையிலும், அடுத்த கல்வியாண்டில் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தத் திட்டத்தில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட, உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்த இடத்திலிருந்து கற்பிக்கச் சொல்கிறது. பொருள்களைக் கையில் எடுத்து எண்ணிய பிறகே எழுத்துக்குப் போகிறது. அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால் ஆசிரியரிடம், "என் பிள்ளை கணக்கில் எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். மதிப்பெண்ணைக் கேட்பதைவிட இது பயனுள்ள கேள்வி. தனியார் பள்ளியில் படித்தால் அந்தச் சோதனையை நீங்களே வீட்டில் செய்யலாம்.

முதலில் ஐந்து நிமிடச் சோதனை

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பசியோடோ தூக்கத்தோடோ இல்லாத நேரமாகப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இவற்றைக் கேளுங்கள்.

1. 4, 7, 9 என்று எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அத்தனை புளியங்கொட்டை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.
2. 38, 61, 90, 305 ஆகியவற்றை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும்.
3. 27 + 15.
4. 52 − 28.
5. 519 ÷ 4.

எங்கே நிற்கிறதோ அங்கேயே சோதனையை நிறுத்திவிடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூன்றாவது கேள்வியிலேயே நின்றாலும் முகம் சுளிக்க வேண்டாம். அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். அஸ்திவாரத்தில் விரிசல் இருக்கும்போது மாடி கட்டுவதில் பயன் இல்லை.

தப்பான விடையை அழிப்பதற்கு முன் அதை உற்றுப் பாருங்கள். 27 + 15-க்கு 312 என்று எழுதினால், ஏழும் ஐந்தும் 12 என்பது பிள்ளைக்குத் தெரியும். இரண்டும் ஒன்றும் மூன்று என்பதும் தெரியும். பத்தைப் பத்துகளோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. 52 − 28-க்கு 36 என்று எழுதினால், மேலே கீழே பார்க்காமல் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதினால், காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறது. மூன்று தவறுக்கும் வேர் ஒன்றே. அது இடமதிப்பு. ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்னும் அந்தப் படி புரியாமல் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வைத்தால், தவறுதான் பழக்கமாகும்.

முதல் பாடம்: சில்லறை மாற்றுதல்

பழைய நாட்காட்டித் தாள்களை வெட்டி 100, 10, 1 என்று எழுதி விளையாட்டு ரூபாய் செய்துகொள்ளுங்கள். 100 இரண்டு, 10 இருபது, 1 முப்பது போதும்.

பிள்ளையின் கையில் ஒரே ஒரு 100 ரூபாயைக் கொடுத்து, "எனக்கு 64 ரூபாய் கொடு" என்று கேளுங்கள். "எப்படிக் கொடுப்பது? சில்லறை இல்லையே" என்று பிள்ளை சொல்லும். அப்படியானால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். 100-ஐக் கொடுத்துப் பத்துப் பத்து ரூபாய் வாங்கும். அதில் ஒரு பத்தைக் கொடுத்துப் பத்து ஒற்றை ரூபாய் வாங்கும். இப்போது கையில் 9 பத்தும் 10 ஒன்றும் இருக்கின்றன. 6 பத்தையும் 4 ஒன்றையும் உங்களுக்குக் கொடுத்தால், 3 பத்தும் 6 ஒன்றும் மீதி. 36.

இப்போதுதான் நோட்டைத் திறக்க வேண்டும். கையால் செய்த ஒவ்வொன்றையும் அதே வரிசையில் எழுத வையுங்கள். 100-ஐ அடித்துவிட்டுப் பத்துகள் இடத்தில் 10. அதில் ஒன்றைக் குறைத்து 9. ஒன்றுகள் இடத்தில் 10. பள்ளியில் தமிழில் 'இனமாற்றம்' என்றும் ஆங்கில வழியில் 'பாரோயிங்' என்றும் சொல்வது இதைத்தான். சில்லறை மாற்றியதை நோட்டில் பதிவு செய்கிறோம், அவ்வளவே.

இதைச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். முதலில் கையால் செய்வது, பிறகு வாயால் சொல்வது, பிறகு எழுதுவது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். விடை வந்ததும் கூட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 36-உம் 64-உம் சேர்ந்தால் 100 வருகிறதா? இந்தப் பழக்கம் இருந்தால் 164 என்ற விடை நோட்டில் நிற்காது.

ஆங்கில வழிப் பள்ளியில் பிள்ளை படிக்கிறது, எனக்கு ஆங்கிலம் வராது என்று தாய்மார்கள் பலர் தயங்குகிறார்கள். கணக்கைப் பொறுத்தவரை உங்கள் தமிழ் பெரிய உதவி. 'லெவன்', 'ட்வெல்வ்' என்னும் சொற்களில் பத்து எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. 'பதினொன்று' என்றால் பத்தும் ஒன்றும். 'எண்பத்தேழு' என்றால் எட்டுப் பத்தும் ஏழும். சொல்லிலேயே இடமதிப்பு இருக்கிறது. தொண்ணூறும் தொள்ளாயிரமும்தான் கொஞ்சம் ஏமாற்றும். அவற்றை மட்டும் தனியாகப் பழக்குங்கள். வீட்டில் உருது பேசுவோர், அந்த மொழியில் நூறு வரை எண்ணின் பெயர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு விதமாக இருப்பதால், விளையாட்டு ரூபாயைக் கூடுதலாகப் பயன்படுத்துவது நல்லது.

இரண்டாம் பாடம்: ஆவடி வழித்தடம்

ஒரு நீளமான கோடு போட்டு ஆறு புள்ளி வையுங்கள். கொரட்டூர் 1, பட்டரவாக்கம் 2, அம்பத்தூர் 3, திருமுல்லைவாயல் 4, அண்ணனூர் 5, ஆவடி 6. பூந்தமல்லிப் பக்கத்துப் பிள்ளைகள் கரையான்சாவடி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர் என்று பேருந்து போகும் வழியை எழுதிக்கொள்ளலாம்.

"அம்பத்தூரில் ஏறினோம். ஆவடி எத்தனையாவது நிறுத்தம்?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் அம்பத்தூரையும் சேர்த்து எண்ணி நான்கு என்று சொல்லும். ரயில் நகர்ந்த பிறகு வருவதைத்தான் எண்ண வேண்டும் என்று விரலை நகர்த்திக் காட்டுங்கள். 6 − 3 = 3. கழித்தல் என்பது எடுத்துவிடுவது மட்டும் அல்ல, இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும்தான் என்று அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். பழக்கடைப் பையன் 64-இலிருந்து 65, 70, 100 என்று ஏறியதும் இதே வழிதான். இதையே 1 முதல் 20 வரை, பிறகு 0, 10, 20 என்று 100 வரை நீட்டிக்கொள்ளலாம்.

விரல் விட்டு எண்ணினால் தடுக்க வேண்டாம். விரல் அல்லாஹ் கொடுத்த மணிச்சட்டம். எண்கள் மனத்தில் பதியப் பதிய விரல் தானாகவே ஓய்ந்துவிடும்.

மூன்றாம் பாடம்: வாய்ப்பாடு

வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மக்தபில் சிறு சூராக்களை மனனம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு நினைவாற்றல் குறைவில்லை. ஆனால் 7 × 8 = 56 என்பது எட்டுப் பேர் கொண்ட ஏழு வரிசை என்று தெரியாமல் ஒப்பித்தால், இடையில் ஒரு வரி மறந்ததும் எல்லாம் போய்விடும். ஏழு ஐந்து 35 என்பது நினைவிருந்தால், இன்னும் மூன்று ஏழு சேர்த்து 35 + 21 = 56 என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

நம் அன்றாட வாழ்விலேயே இதற்கான கணக்குகள் நிறைய உள்ளன. ஐவேளை ஃபர்ளு ரக்அத்துகளைக் கூட்டச் சொல்லுங்கள். 2 + 4 + 4 + 3 + 4 = 17. ஒரு வாரத்துக்கு? 17 × 7. பத்து ஏழு 70, ஏழு ஏழு 49, ஆக 119. இப்போது, "வெள்ளிக்கிழமை அத்தாவோடு ஜும்ஆவுக்குப் போகிறாயே, அன்று ளுஹர் நான்குக்குப் பதிலாக ஜும்ஆ இரண்டுதானே?" என்று கேளுங்கள். பிள்ளையே 117 என்று திருத்தும். தன் விடையைத் தானே திருத்திக்கொள்ளும்போது பிள்ளைக்கு வரும் மகிழ்ச்சி தனி.

தஸ்பீஹ் 33, 33. நூறு நிறைய இன்னும் எத்தனை? 34. குர்ஆனை 30 நாளில் ஓதி முடிக்க ஒரு நாளைக்கு ஒரு ஜுஸ்உ. மதீனா அச்சில் ஒரு ஜுஸ்உ ஏறத்தாழ 20 பக்கம். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் எத்தனை பக்கம் ஓத வேண்டும்? 20 ÷ 5 = 4.

ஒரு எச்சரிக்கை. தொழுகையில் நிற்கும் பிள்ளையின் மனத்தில் கணக்கு ஓடக்கூடாது. இந்தக் கேள்விகளைப் பள்ளிவாசலிலிருந்து நடந்து வரும் வழியிலோ, சாப்பாட்டு வேளையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் பாடம்: பங்கு வைத்தல்

வகுத்தல் என்றதும் பயப்படும் பிள்ளை, தம்பி தங்கைக்குப் பங்கு வைக்கும்போது ஒரு பேரீச்சம்பழம்கூடத் தவறவிடாது. 23 பேரீச்சம்பழத்தை ஐந்து தட்டில் சமமாக வைக்கச் சொல்லுங்கள். தட்டுக்கு நான்கு, மீதி மூன்று. 'மீதி' என்பது தவறு அல்ல, பங்கு வைக்க முடியாமல் நிற்பது என்று அப்போது விளங்கும்.

பிறகு பெரிய எண்கள். 135 ரூபாயை ஐந்து பேருக்குப் பிரிக்க வேண்டும். ஒரே ஒரு 100 ரூபாயை ஐந்து பேருக்குக் கொடுக்க முடியாது, பத்துகளாக மாற்று. 10 பத்தும் முன்பிருந்த 3 பத்தும் சேர்ந்து 13 பத்து. ஆளுக்கு 2, மீதி 3 பத்து. அதை ஒன்றுகளாக மாற்றினால் 30. முன்பிருந்த 5 சேர்த்து 35. ஆளுக்கு 7. ஆக ஒருவருக்கு 27 ரூபாய். நோட்டில் போடும் நீள் வகுத்தலின் ஒவ்வொரு வரியும் இந்தப் பங்கீட்டின் ஒரு படிதான். முதல் பாடத்தில் சில்லறை மாற்றப் பழகிய பிள்ளைக்கு இது எளிது. பழகாத பிள்ளைக்கு இது மந்திரம் போலத் தோன்றும். அதனால்தான் வரிசை மாறக்கூடாது என்கிறேன்.

ஐந்தாம் பாடம்: அரைக்கால்

"கால் பங்கு பெரிதா, எட்டில் ஒரு பங்கு பெரிதா?" என்று நான்காம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். எட்டு பெரிய எண் என்பதால் 1/8 பெரிது என்று சொல்லும் பிள்ளைகள் பலர். ஒரு சப்பாத்தியை எடுத்து இரண்டாக்குங்கள், அரை. அதை மீண்டும் பாதியாக்கினால் கால். காலையும் பாதியாக்கினால் அரைக்கால். நம் முன்னோர் 1/8-க்கு வைத்த பெயரிலேயே விடை இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை ஒப்பித்து வளர்ந்தவர்கள் காணி, மா, மாகாணி, வீசம் என்று இன்னும் சிறிய பங்குகளையும் வாயாலேயே கணக்கிட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் பேரப்பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

சமையலறையில் கால் கிலோ 250 கிராம், அரைக் கிலோ 500, முக்கால் கிலோ 750. நோன்புக் கஞ்சிக்கு அரிசி அளக்கும்போது, "நான்கு பேருக்கு ஒரு டம்ளர் என்றால் ஆறு பேருக்கு?" என்று கேளுங்கள். ஒன்றரை.

இந்தப் பாடம் நமக்கு வெறும் பள்ளிப் பாடம் அல்ல. அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12-ஆம் வசனங்களில் வாரிசுகளின் பங்குகள் பின்னங்களாகவே சொல்லப்பட்டுள்ளன. அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. கணவர் பிள்ளைகளை விட்டு மௌத்தானால் மனைவிக்கு எட்டில் ஒன்று. பிள்ளைகள் இல்லையென்றால் நான்கில் ஒன்று. எது பெரிது என்று தெரியாத பெண், தனக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று தெரியாமலே காகிதத்தில் கையெழுத்துப் போடுவாள். ஆகவே பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்.

ஜகாத் நாற்பதில் ஒரு பங்கு. முதலில் பத்தில் ஒன்று, அதில் கால். 20,000-க்குப் பத்தில் ஒன்று 2,000. அதில் கால் 500. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் இதை மனத்திலேயே போட முடியும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்துதான் 'அல்காரிதம்' என்னும் சொல் வந்தது. அவருடைய 'அல்ஜப்ர்' நூலிலிருந்து 'அல்ஜீப்ரா' வந்தது. அந்த நூலில் ஒரு பெரும் பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளே. மக்களின் உரிமை தவறிப்போகக் கூடாது என்னும் தேவை ஒரு பெரும் கலையையே வளர்த்தது. கணக்கு துன்யாவுக்கு, ஓதல் மறுமைக்கு என்று பிரித்துப் பேசும் வழக்கத்தை நாம் விட வேண்டும்.

பெற்றோர் தவிர்க்க வேண்டியவை

"எனக்கும் சின்ன வயதில் கணக்கு வராது, அதுதான் இவனுக்கும்" என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்தால் பிள்ளை கற்பது குறைகிறது என்று கண்டது. அச்சம் தொற்றிக்கொள்ளும். தெரியாவிட்டால், "வா, இரண்டு பேரும் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

வீட்டுப்பாடத்தை நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள். பிள்ளை யோசிக்கும்போது மனத்துக்குள் பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். அக்கா மகனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள். ஒரு கணக்குத் தப்பானால் கையை ஓங்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளைக்குக் கணக்கு நினைவில் நிற்காது; அடிதான் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினமும் 15 நிமிடம் போதும். தொழிற்பேட்டையில் ஷிஃப்டு வேலைக்குப் போகும் அத்தாமார்கள் வாரத்தில் இரண்டு நாளாவது அந்த 15 நிமிடத்தைத் தங்கள் பங்காக எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் தாயின் தலையில் போடுவது முறையல்ல.

ஒரு வாரத் திட்டம்

இதை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

திங்கள்: சில்லறை மாற்றி இரண்டு கழித்தல். கையால் செய்து, பிறகு நோட்டில்.
செவ்வாய்: ஆவடி வழித்தடக் கோட்டில் ஐந்து கேள்விகள்.
புதன்: ஒரு வாய்ப்பாடு. மறந்த வரியைத் தெரிந்த வரியிலிருந்து கண்டுபிடித்தல்.
வியாழன்: பங்கு வைத்தல் இரண்டு. ஒன்று மீதி வரும்படி.
வெள்ளி: நோட்டு வேண்டாம். தாத்தா, பாட்டியிடம் பழைய அளவைகளைக் கேட்டல்.
சனி: கடைக்கு அழைத்துப் போய் மூன்று பொருள்களின் விலையை மனத்தில் கூட்டச் சொல்லுதல். வீட்டுக்கு வந்து அதையே எழுதிச் சரிபார்த்தல்.
ஞாயிறு: பிள்ளை ஆசிரியர், நீங்கள் மாணவர். வேண்டுமென்றே ஒரு தவறு செய்யுங்கள். கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள்.

எட்டு வாரம் கழித்து அதே ஐந்து நிமிடச் சோதனையை வேறு எண்களோடு மீண்டும் வையுங்கள். பிள்ளை ஒரு படி ஏறியிருந்தால் இரண்டு ரக்அத் ஷுக்ரு செய்யுங்கள். ஏறவில்லை என்றால் பள்ளி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்; சிலருக்குக் கண் பார்வையோ, காதோ, கற்றல் குறைபாடோ காரணமாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலம் தாழ்த்தினால்தான் பாதிப்பு.

ஏன் இவ்வளவு அக்கறை?

அம்பத்தூரில் 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை நம் வாசலிலேயே இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யும் பக்கத்தில் இருக்கிறது. ஃபிட்டர், டர்னர் வேலைக்குப் போனாலும் அளவும் பின்னமும் தெரியாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. பத்தாம் வகுப்பில் "கணக்கு இல்லாத குரூப்" தேடும் பிள்ளைக்கு எத்தனையோ கதவுகள் அப்போதே சாத்தப்படுகின்றன.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று சொல்லி 8,500 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, தினம் 100 ரூபாயாக 100 நாள் வாங்கிக்கொள்கிறார். "தினம் நூறுதானே" என்று நம் சகோதரிகள் தலையாட்டுகிறார்கள். 1,500 ரூபாய் எங்கே போனது என்று கேட்க ஒரு கழித்தல் தெரிந்தால் போதும். வட்டி ஹராம் என்று நாம் மிம்பரில் சொல்கிறோம். வட்டி ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பதும் நம் கடமைதான்.

அந்தப் பழக்கடைப் பையனுக்கு டியூஷன் வேண்டாம் என்று அவன் அத்தாவிடம் சொன்னேன். நாட்காட்டித் தாளில் ரூபாய் வெட்டச் சொன்னேன். பிறகொரு நாள் அந்தப் பக்கம் போனபோது பையனே நோட்டை எடுத்து நீட்டினான். 100 − 64 = 36 என்று எழுதி, பக்கத்தில் 36 + 64 = 100 என்று சரிபார்த்திருந்தான். அதன் கீழே, 164 என்று எழுதியிருந்த பழைய பக்கத்தைக் காட்டி, "இது எப்படிப் பாய் வரும்? கடைக்காரர் நம்மகிட்ட காசும் கொடுத்து பழமும் கொடுத்த மாதிரி ஆயிடுமே" என்று சிரித்தான்.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு வாய்க்கட்டும். பயன் தரும் கல்வியை அல்லாஹ் அவர்களுக்கு அருள்வானாக, ஆமீன். இன்றிரவு இஷாவுக்குப் பிறகு 15 நிமிடம் ஒதுக்கி, ஒரு பழைய நாட்காட்டியையும் கத்திரிக்கோலையும் எடுத்து வையுங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்